லூயிஸ் எழுதாத 497 நாட்கள்

மெரிவெதர் லூயிஸும் வில்லியம் கிளார்க்கும் தலைமை தாங்கிய குழு 1804 மே 14 அன்று மிசிசிப்பி ஆற்றங்கரை முகாமிலிருந்து கிளம்பியது. மிசௌரி ஆற்றில் எதிர்நீரில் ஏறி, மலைத்தொடரைத் தாண்டி, பசிபிக் கடலைப் பார்த்துவிட்டு, 1806 செப்டம்பர் 23 அன்று செயின்ட் லூயிஸ் நகரத்துக்குத் திரும்பி வந்தார்கள். மொத்தம் 863 நாள். அமெரிக்க வரலாற்றில் இந்த அளவுக்குக் குறிப்பெழுதப்பட்ட பயணம் குறைவு. ஆனால் தலைவரான லூயிஸின் கையெழுத்தில் முறையாக, நாள் தவறாமல் இருக்கிற நாட்கள் 366தான். மீதி 497 நாளுக்குத் தொடர்ச்சியான நாட்குறிப்பு கிடையாது. நடுநடுவே சில உதிரிக் குறிப்புகள் உண்டு. அவற்றைக் கழித்தாலும் 450க்குக் குறையாது.

இந்தக் கணக்கை முதல்முறை பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வருவது இயல்பு. போதாக்குறைக்கு, லூயிஸ் 1809இல் 35 வயதில் துப்பாக்கிக் குண்டுக் காயங்களோடு ஒரு வழிப்போக்கர் விடுதியில் இறந்தார். ஒரு பக்கம் மர்ம மரணம், இன்னொரு பக்கம் காணாமல் போன பக்கங்கள். இரண்டையும் முடிச்சுப் போட்டு யாரோ எதையோ மறைத்துவிட்டார்கள் என்று சொல்கிற கதைகள் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. அந்தக் கதைகளுக்குப் போகும் முன் சில அடிப்படை விஷயங்களைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நாட்குறிப்பு என்றால் எது?

பயணிகளின் நாட்குறிப்பு என்றதும், இரவில் கூடாரத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒருவர் ஒரே நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே போவதுபோல மனதில் ஒரு படம் வரும். நடைமுறை அப்படி இல்லை. குறைந்தது மூன்று அடுக்கு உண்டு.

1. களக்குறிப்பு. படகிலோ குதிரை மேலோ இருக்கும்போது கிடைத்த தாளில் கிறுக்கி வைப்பது. திசை, தூரம், பார்த்த விலங்கு, நடந்த சண்டை, எல்லாம் சுருக்கமாக இருக்கும்.

2. படியெடுத்த குறிப்பேடு. ஓய்வு கிடைக்கும்போது களக்குறிப்பை வைத்துக்கொண்டு நிதானமாக, முழு வாக்கியங்களில், நல்ல அட்டை போட்ட ஏட்டில் எழுதுவது. சில நேரம் அதே இரவில் நடக்கும், சில நேரம் வாரக்கணக்கில் தள்ளிப்போகும்.

3. அச்சுப் பதிப்பு. ஊர் திரும்பிய பிறகு பதிப்பாசிரியர் ஒருவர் பலருடைய ஏடுகளையும் சேர்த்துக் கோத்து வெளியிடுவது.

இந்தப் பயணத்தை அனுப்பிய ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சனுக்கு முதல் இரண்டு அடுக்கும் எவ்வளவு சுலபமாக அழியும் என்று நன்றாகத் தெரிந்திருந்தது. 1803 ஜூன் 20 தேதியிட்ட உத்தரவில், குறிப்புகளுக்குப் பல படிகள் எடுத்து நம்பிக்கையான ஆட்களிடம் பிரித்துக் கொடுத்து வைக்கச் சொல்கிறார். ஒரு படியைப் பூர்ச்ச மரப்பட்டையில் எழுதுங்கள், சாதாரணக் காகிதத்தைவிட அது ஈரத்தைத் தாங்கும் என்றுகூட யோசனை சொல்கிறார். படகு கவிழும், மழை நனைக்கும், ஆள் சாவான் என்பதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டு எழுதிய உத்தரவு அது.

அப்புறம், எழுதியது தலைவர்கள் மட்டும் இல்லை. சார்ஜென்ட்கள் தனித்தனியாக நாட்குறிப்பு வைக்க வேண்டும் என்று 1804 மே மாதமே கட்டளை போட்டுவிட்டார்கள். அவர்களில் ஜான் ஆர்ட்வே என்பவர் 863 நாளும் ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறார். குழுவிலேயே அப்படி எழுதியவர் அவர் ஒருவர்தான். கிளார்க்கும் ஏறக்குறைய அதே அளவு. அவர் தனியே எழுதாமல் விட்ட நாட்கள் 1805 பிப்ரவரியில் வேட்டைக்குப் போன கொஞ்ச நாட்கள்தான், அதற்கும் திரும்பி வந்து சுருக்கம் எழுதிவிட்டார். ஆகவே ‘பயணத்தில் என்ன நடந்தது’ என்பதில் பெரிய ஓட்டை எதுவும் இல்லை. ஓட்டை இருப்பது ‘லூயிஸ் அதை எப்படிப் பார்த்தார்’ என்பதில்தான். இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் சுலபம்.

காலியாக இருப்பவை எந்தெந்த நாட்கள்?

1. 1804 மே 14 முதல் 1805 ஏப்ரல் 6 வரை. 328 நாள். கிளம்பிய நாளிலிருந்து, மாண்டன் என்ற பூர்வகுடி மக்களின் ஊர்களுக்குப் பக்கத்தில் குளிர்காலத்தைக் கழித்து முடிக்கும் வரை.

2. 1805 ஆகஸ்ட் 27 முதல் டிசம்பர் 31 வரை. 127 நாள். பிட்டர்ரூட் மலைகளைக் கடந்தது, பசிபிக்கை அடைந்தது எல்லாம் இதற்குள் வருகிறது.

3. 1806 ஆகஸ்ட் 13 முதல் செப்டம்பர் 23 வரை. 42 நாள். ஊர் திரும்பும் கடைசிக் கட்டம்.

மூன்றையும் சேர்த்து ஒரே மர்மமாகப் பேசுவதுதான் பெரிய தவறு. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

சுலபமானது: மூன்றாவது இடைவெளி

1806 ஆகஸ்ட் 11 அன்று லூயிஸும் பியர் குரூசாட் என்ற படகோட்டியும் எல்க் மான் வேட்டைக்காக ஆற்றோரப் புதருக்குள் போனார்கள். குரூசாட்டுக்கு ஒரு கண் பார்வை கிடையாது, இன்னொரு கண்ணிலும் பார்வை மங்கல். தோல் உடுப்பில் இருந்த தலைவரை மான் என்று நினைத்துச் சுட்டுவிட்டார் போலிருக்கிறது. குண்டு லூயிஸின் பிட்டத்தைத் துளைத்துப் போனது. உட்கார முடியாது, படகில் குப்புறப் படுத்துத்தான் பயணம்.

மறுநாள் லூயிஸ் எழுதிய பக்கம் இன்றும் இருக்கிறது. இந்த நிலையில் எழுதுவது மிகவும் வலிக்கிறது, குணமாகும் வரை நிறுத்திக்கொள்கிறேன், நம் நாட்குறிப்பைத் தொடரும் வேலையை நண்பர் கேப்டன் கிளார்க்கிடம் விட்டுவிடுகிறேன் என்கிறார். அதோடு முடித்திருக்கலாம். ஆனாலும் இங்கே வளர்கிற விநோதமான ஒரு செர்ரி மரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும் என்று தொடங்கி, அதன் இலை, காம்பு, பழம் எல்லாவற்றையும் நுணுக்கமாக வர்ணித்துவிட்டுத்தான் பேனாவை வைக்கிறார். பிட்டத்தில் குண்டுக் காயத்தோடு குப்புறக் கிடந்தவர் கடைசியாக எழுதியது ஒரு மரத்தின் இலை விவரம்.

அந்தப் பக்கத்தில் கவனிக்க வேண்டிய சொல் இன்னொன்று உண்டு. ‘நம் நாட்குறிப்பு’ என்கிறார். என் நாட்குறிப்பு, கிளார்க்கின் நாட்குறிப்பு என்று பிரிக்கவில்லை. முதல் இடைவெளியைப் புரிந்துகொள்ள இந்தச் சொல்தான் திறவுகோல் என்று நான் நினைக்கிறேன்.

பெரியது: முதல் இடைவெளி

328 நாளுக்கு இரண்டே விடைதான் சாத்தியம். எழுதவே இல்லை, அல்லது எழுதியது தொலைந்தது. சான்றுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. பறந்து போன தாள். 1804 ஜூலை 14 காலையில் திடீரென்று புயல் அடித்தது. அதில் கிளார்க் முந்தின நாள் எழுதிய குறிப்பு காற்றில் பறந்து ஆற்றில் விழுந்துவிட்டது. ஜூலை 13ஆம் தேதிக்குரியதைத் திரும்ப எழுத வேண்டிய நிலை. கிளார்க் என்ன செய்தார் என்று அவரே சொல்கிறார்: சார்ஜென்ட்களின் நாட்குறிப்பைப் பார்த்தும், சொந்த ஞாபகத்திலிருந்தும் எழுதினார். அதே பயணத்தில் கூடவே இருந்த, தன்னைவிட நன்றாக எழுதத் தெரிந்த லூயிஸின் ஏட்டை அவர் கேட்கவே இல்லை. அப்படி ஒன்று இருந்திருந்தால் முதலில் அதைத்தான் வாங்கிப் பார்த்திருப்பார். எனக்குத் தெரிந்து இந்த விவாதத்தில் இதைவிடக் கனமான சான்று இல்லை. சிறிய விஷயம், யாரையும் நம்பவைப்பதற்காக எழுதப்பட்டதும் இல்லை, அதனாலேயே நம்பலாம்.

2. கிளார்க் இல்லாத நாட்கள். 1805 பிப்ரவரி 4 முதல் 12 வரை கிளார்க் முகாமில் இல்லை, ஆட்களோடு வேட்டைக்குப் போயிருந்தார். சரியாக அந்த நாட்களையொட்டி, பிப்ரவரி 3 முதல் 13 வரை, லூயிஸ் தினமும் எழுதுகிறார். கிளார்க் வந்ததும் நிறுத்திவிடுகிறார். இதைத் தற்செயல் என்று சொல்வது கஷ்டம். ஏடு எப்போதும் காலியாக இருக்கக் கூடாது, இருவரில் ஒருவர் எழுதினால் போதும் என்ற ஏற்பாடு இருந்ததுபோலத்தான் தெரிகிறது.

3. பழைய பழக்கம். 1803இல் லூயிஸ் ஓஹையோ ஆற்றில் படகை இறக்கி வந்தபோது வைத்திருந்த ஏட்டிலும் இதே கதைதான். செப்டம்பர் நடுவில் நின்று, நவம்பர் 11ஆம் தேதிதான் மறுபடி தொடங்குகிறது. நவம்பர் 28 அன்று லூயிஸ் வேறு வேலையாகப் பிரிந்து போனதும், அதே ஏட்டில் கிளார்க்கின் கையெழுத்து ஆரம்பிக்கிறது. புது ஏடு இல்லை, அதே ஏடு.

4. அனுப்பிய பொட்டலம். 1805 ஏப்ரல் 7 அன்று பெரிய சரக்குப் படகு ஒன்று திரும்பிப் போனது. அதில் ஜெஃபர்சனுக்கு லூயிஸ் அனுப்பியது கிளார்க்கின் நாட்குறிப்பை. திருத்தப்படாதது, இந்த நிலையில் வெளியே காட்டுவதைக் கிளார்க் விரும்பவில்லை, நம்பிக்கையான ஒருவரை வைத்து இலக்கணப் பிழைகளைத் திருத்திப் படியெடுத்தால் ஆட்சேபம் இல்லை என்று கடிதத்தில் சமாதானமும் எழுதுகிறார். கையில் தன்னுடைய நல்ல ஏடு இருந்திருந்தால் நண்பரின் கரடுமுரடான ஏட்டை இவ்வளவு தயக்கத்தோடு அனுப்ப வேண்டிய தேவை என்ன?

எதிர்ச்சான்றும் உண்டு. அதே கடிதத்தில் லூயிஸ், மிசௌரியில் படகு போகக்கூடிய கடைசி இடத்திலிருந்து ஒரு சிறு படகைத் திருப்பி அனுப்புவேன், அதில் என் நாட்குறிப்பைக் கொடுத்துவிடுகிறேன் என்கிறார். ‘என் நாட்குறிப்பு’ என்று சொல்லிவிட்டாரே, அப்படியானால் அதற்கு முன்பே ஒன்று இருந்திருக்க வேண்டும் என்பது தொலைந்துவிட்டது என்று சொல்கிறவர்களின் வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் அவர் தொடர்ச்சியாக எழுதத் தொடங்குவதும் அதே ஏப்ரல் 7தான். தன்னுடைய சிறிய படகுக் கூட்டத்தைக் கொலம்பஸின் கப்பல்களோடும் கேப்டன் குக்கின் கப்பல்களோடும் ஒப்பிட்டு, அவ்வளவு மதிப்பானதாக இல்லாவிட்டாலும் எங்களுக்கு அதே அளவு மகிழ்ச்சி என்று எழுதுகிற புகழ்பெற்ற பக்கம் அன்றைக்குரியது. ஒரு புது வேலையை மனமாரத் தொடங்குகிற ஒருவரின் குரல் அதில் கேட்கிறது. இனி எழுதப் போவதைத்தான் ‘என் நாட்குறிப்பு’ என்றார் என்று எடுத்துக்கொள்வதில் தடை எதுவும் இல்லை. அந்தச் சிறு படகு கடைசிவரை அனுப்பப்படவில்லை என்பது வேறு விஷயம்.

எழுதியது தொலைந்தது என்றால் எங்கே தொலைந்தது என்றும் சொல்ல வேண்டும். பலர் காட்டுகிற இடம் 1805 மே 14. அன்று ஒரு சூறைக்காற்றில் துடுப்புப் படகு ஒன்று சாய்ந்து தண்ணீர் ஏறியது. காகிதங்கள், கருவிகள், புத்தகங்கள், மருந்து எல்லாம் அதில்தான் இருந்தன. தலைவர்கள் இருவரும் கரையில் நின்று கத்திக்கொண்டிருக்க, சுக்கானைப் பிடித்திருந்த மொழிபெயர்ப்பாளர் ஷார்போனோ பயத்தில் உறைந்துபோக, அவருடைய மனைவி சகாகவியா, கையில் சில மாதக் குழந்தை இருந்தும் பதறாமல், மிதந்துபோன பொருள்களைக் கைக்கு எட்டிய வரை எடுத்துப் போட்டார். இதை விவரமாக எழுதியவர் லூயிஸ். என்னென்ன கெட்டுப்போனது என்றும் எழுதினார், அதிகம் போனது மருந்துதான். பதினொரு மாத நாட்குறிப்பு தண்ணீரோடு போயிருந்தால் அதைச் சொல்லாமலா விட்டிருப்பார்? அந்த இழப்பைப் பற்றி லூயிஸும் சொல்லவில்லை, கிளார்க்கும் சொல்லவில்லை, குறிப்புகளுக்காக இத்தனை கவலைப்பட்ட ஜெஃபர்சனும் பிற்பாடு எங்கேயும் புலம்பவில்லை.

எல்லாவற்றையும் தட்டில் வைத்துப் பார்த்தால், முதல் இடைவெளியில் லூயிஸ் தினசரி நாட்குறிப்பு எழுதவில்லை என்ற பக்கமே தாழ்கிறது. அதற்காக அவர் சும்மா இருந்தார் என்று அர்த்தம் இல்லை. செடி, கனிமப் பட்டியல்கள், வானிலைப் பதிவு, நட்சத்திரங்களை வைத்து இடம் கணிக்கும் கணக்குகள் என்று அந்தக் காலத்திலும் அவர் கை ஓயவில்லை.

சிக்கலானது: இரண்டாவது இடைவெளி

இதில் அவ்வளவு உறுதியாகப் பேச முடியாது.

இந்த 127 நாளுக்குள் மூன்று உதிரிக் குறிப்புகள் கிடைத்திருக்கின்றன: 1805 செப்டம்பர் 9-10, செப்டம்பர் 18-22, நவம்பர் 29 முதல் டிசம்பர் 1 வரை. இவற்றில் பின்னிரண்டும் லூயிஸும் கிளார்க்கும் பிரிந்திருந்த நாட்கள். செப்டம்பர் 18 அன்று, மலையில் உணவு தீர்ந்து ஆட்கள் துவண்டபோது, கிளார்க் சிலரோடு முன்னால் போய்விட்டார். நவம்பர் கடைசியில் குளிர்காலக் கோட்டை கட்ட இடம் தேடி லூயிஸ் சில ஆட்களோடு தனியே போனார். ஆக, பழைய ஏற்பாடு இங்கேயும் ஓடுகிறது என்று சொல்லலாம்.

ஆனால் செப்டம்பர் 9-10 அப்படி வரவில்லை, அப்போது இருவரும் ஒன்றாகத்தான் இருந்தார்கள். அந்தக் குறிப்பு ஏதோ ஒரு பெரிய தொடரிலிருந்து கழன்று விழுந்த தாள் போல இருக்கிறது. கூடவே இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இதே மாதங்களுக்குக் கிளார்க் எல்க் தோலில் தைத்த ஒரு களக்குறிப்பேடு வைத்திருந்தார், பிற்பாடு அதைத் தன் நல்ல ஏட்டில் படியெடுத்தார். லூயிஸும் அதுபோலக் களக்குறிப்பு மட்டும் வைத்திருந்து, படியெடுக்கும் முன்பே அது கைநழுவிப் போயிருக்கலாம். முதல் இடைவெளிக்கு ‘எழுதவில்லை’ என்று சாய்கிற நான், இந்த இரண்டாவதில் ‘எழுதியதில் ஒரு பகுதி தொலைந்திருக்கலாம்’ என்ற கதவைச் சாத்த மாட்டேன்.

மனச்சோர்வு என்ற விளக்கம் ஏன் போதாது

அடிக்கடி சொல்லப்படும் காரணம் இது: லூயிஸுக்கு மனச்சோர்வு இருந்தது, அது தாக்கியபோதெல்லாம் பேனாவைக் கீழே வைத்தார். முற்றிலும் ஆதாரமில்லாத பேச்சு என்று தள்ள முடியாது. வாஷிங்டனில் லூயிஸ் தன் செயலாளராக இருந்தபோதே அவருக்கு அவ்வப்போது மனவாட்டம் வந்ததைக் கண்டதாக ஜெஃபர்சனே எழுதியிருக்கிறார். 1805 ஆகஸ்ட் 18, தன் 31ஆவது பிறந்தநாளில், இந்த உலகத்தில் இருக்க வேண்டிய காலத்தில் பாதியைத் தாண்டிவிட்டேன், மனித குலத்துக்கு இதுவரை செய்தது மிகக் குறைவு என்று லூயிஸ் எழுதிய பத்தியைப் படித்தால் யாருக்கும் மனது கனக்கும். எட்டு நாள் கழித்து அவருடைய தொடர் நின்றுபோகிறது. இரண்டையும் இணைத்துப் பார்க்கத் தோன்றும்தான்.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். கடலோரத்தில் கிளாட்சாப் கோட்டையில் அவர்கள் கழித்த குளிர்காலம் பயணத்திலேயே மிகச் சோர்வானது. 106 நாளில் மழை பெய்யாத நாட்கள் 12தான். துணி மக்கியது, இறைச்சி கெட்டது, கடித்துத் தின்ற பூச்சிகளால் தூக்கம் இல்லை. மனச்சோர்வுதான் பேனாவை நிறுத்தியது என்றால் அங்கேதான் நின்றிருக்க வேண்டும். ஆனால் 1806 ஜனவரி 1இலிருந்து அவர் அங்கே எழுதிக் குவித்தார்: செடிகள், பறவைகள், மீன்கள், அங்குள்ள மக்களின் தொப்பி, படகு, சமையல். யூலகான் என்ற சிறு மீனை ஏட்டின் பக்கத்திலேயே, எழுத்துக்கு நடுவில் தலை முதல் வால் வரை வரைந்தும் வைத்தார். இந்த முறை கிளார்க்தான் லூயிஸைப் பார்த்துப் படியெடுக்கிறார்.

1809 அக்டோபர் 11 அன்று டென்னசியில் நடந்த மரணத்தை வைத்து, நான்கைந்து வருடத்துக்கு முந்தைய வெற்றுப் பக்கங்களுக்குப் பொருள் சொல்வதில் அடிப்படையான ஒரு கோளாறு இருக்கிறது. முடிவு நமக்குத் தெரியும் என்பதால் ஆரம்பத்திலேயே அதைத் தேடுகிறோம். கிளார்க்கும் ஜெஃபர்சனும் அதைத் தற்கொலை என்றே ஏற்றுக்கொண்டார்கள். கொலை என்ற பேச்சு பின்னால் வளர்ந்தது. எது உண்மையாக இருந்தாலும் நாட்குறிப்பு விஷயம் மாறாது. இறந்தபோது அவரோடு இருந்த பெட்டிகளை 1809 நவம்பரில் நாஷ்வில் நகரில் பட்டியலிட்டார்கள். கொக்கி வைத்த, சிவப்புத் தோல் அட்டை போட்ட குறிப்பேடுகள் 16 என்று அதில் இருக்கிறது. யாரோ ஏடுகளை அழிக்க நினைத்திருந்தால் இந்த 16ஐயும் விட்டுவைத்திருக்க மாட்டார்கள்.

வேறு பயணிகளின் வெற்றுப் பக்கங்கள்

ஒப்பிட இரண்டு உதாரணம் போதும்.

கேப்டன் ஜேம்ஸ் குக் 1779 பிப்ரவரி 14 அன்று ஹவாயில் கொல்லப்பட்டார். அவருடைய நாட்குறிப்பில் இன்று கிடைப்பது ஜனவரி 17 வரைதான். பத்து வருடம் ஒழுங்காக எழுதிய மாலுமி, வாழ்க்கையின் கடைசி நான்கு வாரம் மட்டும் எழுதாமல் இருந்தார் என்று நம்புவது கடினம். இங்கே ‘எழுதியது தொலைந்தது’ என்பதே வலுவான ஊகம். அதிகாரிகள் பலர் எழுதியிருந்ததால் சம்பவங்கள் தெரியும். ஹவாய் மக்கள் தன்னை வரவேற்ற விதத்தைக் குக் எப்படிப் புரிந்துகொண்டார் என்பதுதான் போய்விட்டது. இன்றுவரை அறிஞர்கள் சண்டை போடுகிற கேள்வியும் அதுவே.

ராபர்ட் பியரி 1909 ஏப்ரல் 6 அன்று வடதுருவத்தை அடைந்ததாகச் சொன்னார். கடைசியில் துருவம் கிடைத்துவிட்டது, முந்நூறு வருடப் பரிசு என்று கொண்டாடுகிற வரிகள் நாட்குறிப்பின் பக்கத்தில் இல்லை, உள்ளே செருகிய ஒரு தனித் தாளில் இருக்கின்றன. அடுத்த இரண்டு நாளுக்கான பக்கங்கள் காலி. 1911இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது, கொழுப்பும் உலர்ந்த இறைச்சியும் கலந்த உணவைக் கையால் தின்று, வாரக்கணக்கில் கை கழுவாமல் இருந்தவரின் ஏடு இவ்வளவு சுத்தமாக இருப்பது எப்படி என்று ஓர் உறுப்பினர் கேட்டார். பியரியின் இடைவெளியைச் சந்தேகத்தோடு பார்க்க நியாயம் இருக்கிறது, ஏனென்றால் அந்தப் பக்கத்தில்தான் அவருடைய உரிமைகோரலே தங்கியிருக்கிறது. அங்கிருந்து திசைக்கணக்கு தெரிந்த வேறு யாரும் எழுதவும் இல்லை. லூயிஸ் விஷயத்தில் பக்கத்திலேயே நான்கைந்து பேர் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு வெற்றுப் பக்கம் எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்பதை இந்த இரண்டும்தான் தீர்மானிக்கின்றன: அந்த நாளில் யாருக்கு ஆதாயம், வேறு யார் எழுதினார்கள்.

நமக்கு என்ன நஷ்டம்?

முதலில் ஒரு லாபத்தைச் சொல்லிவிடுகிறேன். 1805 பிப்ரவரி 11 அன்று சகாகவியாவுக்குக் குழந்தை பிறந்தது. கிளார்க் வேட்டையில் இருந்ததால் அன்று எழுதியது லூயிஸ். முதல் பிரசவம், நீண்ட வேதனை. கிலுகிலுப்பைப் பாம்பின் வால் கிலுக்கைப் பொடித்துத் தண்ணீரில் கொடுத்தால் சீக்கிரம் பிறக்கும் என்று அங்கிருந்த ஒருவர் சொல்கிறார். லூயிஸிடம் ஒன்று இருந்தது. இரண்டு வளையத்தை விரலால் நொறுக்கிக் கொஞ்சம் தண்ணீரில் கலந்து கொடுத்தார்கள், பத்து நிமிடத்துக்குள் குழந்தை பிறந்தது. மருந்தால்தான் நடந்ததா என்று தன்னால் தீர்மானிக்க முடியாது, இன்னும் சோதித்துப் பார்க்கத் தகுந்த விஷயம் என்று எழுதுகிறார். அவர் எழுதாத மற்ற 300 சொச்ச நாளிலும் இந்தக் கண் இருந்தது, பேனாதான் இல்லை.

நஷ்டம் பெரும்பாலும் இரண்டாவது இடைவெளியில். பசிபிக் கண்ணில் பட்டுவிட்டதாக நினைத்து ஆனந்தத்தில் எழுதிய 1805 நவம்பர் 7 வரிகள் கிளார்க்குடையவை. பயணத்தின் தலைவர் கடலைப் பார்த்தபோது என்ன நினைத்தார் என்று ஒரு வரிகூட இல்லை. நவம்பர் 24 அன்று, குளிர்காலத்தை எங்கே கழிப்பது என்று குழுவில் ஒவ்வொருவரிடமும் கருத்துக் கேட்டார்கள். யார்க் என்ற கறுப்பின அடிமையின் கருத்தும் பெயரோடு பதிவாகியிருக்கிறது, சகாகவியா சொன்னதும் இருக்கிறது. ஆனால் அதைப் பதிந்த கிளார்க்தான் யார்க்கின் எஜமானர். மற்றத் தலைவரான லூயிஸின் பார்வையில் யார்க் அன்று எப்படித் தெரிந்தார் என்று சரிபார்க்க வழி இல்லை.

பிட்டர்ரூட் மலையிலிருந்து பட்டினியோடு இறங்கியவர்களுக்குச் சோறு போட்டுக் காப்பாற்றியவர்கள் நெஸ் பெர்ஸ் என்ற பூர்வகுடி மக்கள். அவர்களுடைய வாய்மொழி வரலாற்றில், வட்குவைஸ் என்ற பெண்மணி, தனக்கு முன்பு வெள்ளைக்காரர்கள் நல்லது செய்திருக்கிறார்கள், இவர்களைக் கொல்லாதீர்கள் என்று தடுத்ததாக ஒரு நினைவு உண்டு. அவர் சொன்னது லூயிஸ் ஏட்டிலும் இல்லை, கிளார்க் ஏட்டிலும் இல்லை. வந்தவர்கள் எழுதாமல் விட்டதைப் பற்றி இத்தனை பக்கம் விவாதிக்கிற நாம், அங்கே இருந்தவர்கள் நினைவில் வைத்திருந்ததையும் அதே அக்கறையோடு கேட்க வேண்டும்.

முடியாத கணக்கு

இந்த முடிவுகள் எல்லாம் இன்று கையில் இருக்கிற தாள்களை வைத்துச் சொல்வதுதான். தாள்கள் மாறியிருக்கின்றன.

பயணம் முடிந்து மூன்று வருடத்தில் லூயிஸ் பதிப்பாளரிடம் ஒரு வரிகூடக் கொடுக்கவில்லை. அவர் இறந்த பிறகு நிக்கோலஸ் பிடில் என்பவர் தொகுத்து 1814இல் வெளியிட்டார். ஏடுகள் பிலடெல்பியாவில் அமெரிக்கத் தத்துவக் கழகத்துக்குப் போய் பல பத்தாண்டுகள் யாரும் அதிகம் தொடாமல் கிடந்தன. 1913இல் பிடிலின் குடும்பக் காகிதங்களைத் துழாவியபோது, ஒரு நாள் விடாமல் எழுதிய ஆர்ட்வேயின் நாட்குறிப்பும், லூயிஸின் அந்த ஓஹையோ ஏடும் கிடைத்தன. அதுவரை இரண்டும் தொலைந்த கணக்கில்தான் இருந்தன. 1953இல் மினசோட்டாவின் செயின்ட் பால் நகரில், ஒரு வீட்டின் பரணில் கிடந்த பழைய மேசைக்குள் கிளார்க்கின் களக்குறிப்புகள் வெளிவந்தன. அவை எங்களுக்கே சொந்தம் என்று அமெரிக்க அரசு வழக்குப் போட்டுத் தோற்றது. கேரி மோல்டன் 1983 முதல் 2001 வரை 13 தொகுதிகளாகக் கொண்டுவந்த முழுப் பதிப்பில் இவை எல்லாம் சேர்ந்துவிட்டன.

ராபர்ட் ஃபிரேசர் என்ற படைவீரரும் அந்தப் பயணத்தில் நாட்குறிப்பு எழுதினார். ஊர் திரும்பிய அடுத்த மாதமே, 1806 அக்டோபரில், அதைப் புத்தகமாகப் போடப்போவதாக விளம்பரமும் செய்தார். புத்தகம் வரவில்லை. அவர் வரைந்த வரைபடம் ஒன்று மட்டும் கிடைத்திருக்கிறது, நாட்குறிப்பு இன்னும் கிடைக்கவில்லை.